லண்டனின் பழைய மாடி பஸ்களை ஓட வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த பஸ்களைப் பற்றிய பக்கம் இது?

லண்டனில் ஓடி ஓய்வுபெற்ற இரண்டு குடும்பங்கள். மூத்தது ஆர்டி. ஏஇசி கம்பெனியின் ரீஜென்ட் சேசிஸ் (அடிச்சட்டம்) மீது 1938இல் முதல் வண்டி உருவாகி, 1954 வரை 4,825 வண்டிகள் வந்தன. அதே முகத்தோடு லேலண்ட் சேசிஸ் மீது வந்தவை 1,631 ஆர்டிஎல், எட்டடி அகலமுள்ள 500 ஆர்டிடபிள்யூ. இளையது ஆர்எம், எல்லோரும் அறிந்த பெயரில் ரூட்மாஸ்டர். 1954 முதல் 1968 வரை 2,876 வண்டிகள். கடைசி ஆர்டி 1979 ஏப்ரல் 7 அன்று 62ஆம் தடத்தில் ஓடியது. ரூட்மாஸ்டரின் அன்றாடச் சேவை 2005 டிசம்பர் 9 அன்று 159ஆம் தடத்தில் முடிந்தது.

இலங்கை வாசகர்களுக்கு ஒரு செய்தி. 1958இல் தொடங்கிய இலங்கைப் போக்குவரத்துச் சபை, லண்டன் கழித்துவிட்ட ஆர்டி குடும்பத்து வண்டிகளை 1960களில் நூற்றுக்கணக்கில் வாங்கி ஓட்டியது. கொழும்பில் மாடி பஸ் ஏறிய பெரியவர்களிடம் படத்தைக் காட்டினால் உடனே அடையாளம் சொல்வார்கள்.

இவை இப்போது யாரிடம் இருக்கின்றன? எங்கே போனால் ஏறிப் பார்க்கலாம்?

சில அருங்காட்சியகங்களிடம், சில அறக்கட்டளைகளிடம், மிகப் பல நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிய கூட்டு உடைமையாக. லண்டனுக்குத் தென்மேற்கே புரூக்லண்ட்ஸில் 2011 முதல் இயங்கும் லண்டன் பஸ் மியூசியம் தன்னார்வலர்களால் நடப்பது. முதல் ஆர்டியான ஆர்டி1 அங்கேதான் இருக்கிறது. லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்தின் ஆக்டன் கிடங்கு குறிப்பிட்ட நாட்களில் மட்டும் திறக்கும். மான்செஸ்டர், பர்மிங்காம் அருகே வைதால், ஆக்ஸ்ஃபோர்டு அருகே லாங் ஹான்பரோ, வைட் தீவில் ரைட் ஆகிய ஊர்களிலும் அந்தந்த வட்டார பஸ்களைக் காக்கும் காட்சியகங்கள் உண்டு.

ஏறிப் பயணிக்க ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் இம்பர்பஸ் நாளைத் தேர்ந்தெடுங்கள். 1943இல் ராணுவப் பயிற்சிக்காக மக்களை வெளியேற்றிய இம்பர் கிராமத்துக்கு, 2009 முதல், கோடையில் ஒரு நாள், வார்மின்ஸ்டர் ரயில் நிலையத்திலிருந்து ரூட்மாஸ்டர்கள் வரிசையாகப் போகும். 23ஏ என்று தட எண்ணே உண்டு. பஸ் அதன் வேலையைச் செய்வதை அங்கே காணலாம். மேடேறும்போது இன்ஜின் சத்தம் மாறுவதைக் கேட்டாலே இந்த வேலைக்கு ஏன் இத்தனை பேர் வருகிறார்கள் என்று புரியும்.

ஸ்பேனர் பிடித்ததே இல்லை. எனக்கு அங்கே என்ன வேலை?

நிறைய. இருக்கைத் துணி தைப்பது, பித்தளை துலக்குவது, தடப்பலகைத் துணிச்சுருள் செப்பனிடுவது, பழைய பணிமனை ஆவணங்களை அடுக்குவது, மக்களை ஏற்றி ஓட்டும் ஓட்டநாளில் கண்டக்டராக நிற்பது. எழுத்து வேலை தெரிந்தவருக்குத்தான் எப்போதும் பஞ்சம். ஒவ்வொரு வண்டிக்கும் எப்போது எந்தப் பாகம் மாற்றினோம், எத்தனை மைலில் எண்ணெய் மாற்றினோம் என்று ஒரு பதிவேடு வேண்டும். அதை ஒழுங்காக வைக்கும் ஒருவர், அவசரமாக வேலை செய்யும் இரண்டு மெக்கானிக்குகளைவிட வண்டிக்கு நல்லது செய்கிறார்.

நேரடியாக ஒரு பஸ்ஸை வாங்கிவிடலாமா?

முதலில் ஓராண்டாவது ஏற்கெனவே ஓடும் ஒரு குழுவில் வேலை செய்யுங்கள். வாங்கும் விலையைவிட நிறுத்த இடம்தான் பெரிய கேள்வி. ஆர்எம் 27 அடி 6 அங்குல நீளம், 8 அடி அகலம், 14 அடி 4½ அங்குல உயரம். கதவு 15 அடி உயரமாவது இருக்கும் கூரைக் கொட்டகை கிடைப்பது அரிது. வெளியே தார்ப்பாய் மூடி வைக்கலாம் என்று நினைப்பவர்கள் மூன்று குளிர்காலத்தில் ஜன்னல் சட்டத்தையும் மாடித் தரையையும் இழக்கிறார்கள். தார்ப்பாய் மழையைத் தடுக்கும். உள்ளே வியர்க்கும் ஈரத்தை வெளியே விடாது.

பார்க்கப் போகும்போது பெயின்ட்டை விட்டுவிடுங்கள். ஒரு டார்ச், ஒரு சிறு சுத்தி, அழுக்கானாலும் பரவாயில்லாத உடை. கீழே கண்ட வரிசையில் பாருங்கள்:

– பின்பக்கத் திறந்த மேடையின் அடித்தாங்கிகள். ஐம்பது ஆண்டு மழை, உப்புத் தெளித்த சாலை, ஏறி இறங்கிய கால்கள் எல்லாம் அங்கேதான் வேலை காட்டும். தட்டினால் மந்தமான சத்தம் வந்தால் உள்ளே உளுத்திருக்கிறது.

– மாடியின் முன் ஜன்னல்களுக்குக் கீழ் மூலைகள். தண்ணீர் இறங்கிய கறை தெரிந்தால் சட்டத்தைத் திறந்து பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

– குளிர்ந்த இன்ஜினில் டிப்ஸ்டிக், அதாவது எண்ணெய் மட்டம் காட்டும் கம்பி. எண்ணெய் பால் கலந்தது போலிருந்தாலும், அளவு கோட்டுக்கு மேல் ஏறியிருந்தாலும் தண்ணீர் சம்ப்புக்குள் (இன்ஜினின் அடி எண்ணெய்த் தொட்டி) போகிறது. ஆர்எம்மில் இருந்த ஏவி590 இன்ஜின் ஈர லைனர் வகை, அதாவது சிலிண்டர் குழலைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் நிற்கும். அடியிலுள்ள ரப்பர் வளையம் காய்ந்தால் தண்ணீர் கீழே கசியும். இன்ஜினைப் பிரிக்காமல் இதற்கு வைத்தியம் கிடையாது.

– விற்பவர் ஏற்கெனவே சூடாக்கி வைத்த இன்ஜினை ஏற்க வேண்டாம். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

– பதிவுச் சான்றும் சேசிஸ் எண் தகடும் பொருந்துகின்றனவா? கடைசியில் சொன்னாலும் இது இல்லாமல் எதுவும் இல்லை.

“அசல் பாகங்கள்” உள்ள வண்டிதானே சிறந்தது?

லண்டன் பஸ் விஷயத்தில் அசல் என்ற சொல்லை நிதானமாகப் பயன்படுத்த வேண்டும். ஆல்டன்ஹாம் பணிமனை 1956 முதல் 1986 வரை இந்த பஸ்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துச் சேர்த்தது. மேற்கூட்டைத் தூக்கி ஒரு வரிசையில், அடிப்பாகத்தை இன்னொரு வரிசையில் அனுப்புவார்கள். எது முதலில் தயாரோ அதோடு எது பொருந்துமோ அதைப் பூட்டி, முன்பு உள்ளே வந்த ஒரு எண்ணைக் கொடுத்து வெளியே விடுவார்கள். ஆகவே உள்ளே போன வண்டியும் அதே எண்ணோடு வெளியே வந்த வண்டியும் பெரும்பாலும் வேறு வேறு.

அந்தக் கைமாற்று நடப்பதற்காகவே துல்லியமான அளவுச் சட்டங்களில் வைத்து இவற்றைக் கட்டினார்கள். ஆர்எம்முக்கு முழுநீளச் சேசிஸே கிடையாது. இன்ஜினும் ஸ்டியரிங்கும் தாங்கும் முன்சட்டம், பின் அச்சைத் தாங்கும் பின்சட்டம், இரண்டையும் இணைப்பது அலுமினியக் கூடு. எனவே இன்னொரு ஆர்எம்மின் பின்சட்டத்தை மாட்டினால் வண்டியின் வரலாற்றைக் கெடுத்ததாகாது. அந்த வரலாறு அப்படித்தான் நடந்தது. ஆனால் எந்த ஆண்டின் தோற்றத்துக்கு மீட்கிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். 1962இன் முன்முகம், 1975இன் விளம்பரம், 1985இன் இருக்கைத் துணி என்று கலந்தால் அப்படி ஒரு பஸ் எந்த நாளிலும் ஓடியிருக்காது. மாற்றிய ஒவ்வொரு பாகத்தையும் எழுதி வையுங்கள், கழற்றியதை உடனே கழிவுக்குப் போடாதீர்கள்.

ஆர்டியில் கிளட்ச் இல்லை, ஆனால் இடது பெடல் இருக்கிறது. அது என்ன?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஆர்டியில் இருப்பது முன்தேர்வு கியர். ஸ்டியரிங் தண்டருகே உள்ள சிறு லீவரை நகர்த்தினால் கியர் மாறாது. அடுத்து என்ன கியர் வேண்டும் என்று குறித்து வைக்கிறீர்கள், அவ்வளவுதான். இடது பெடலை முழுதாக அமுக்கி முழுதாக விடும்போதுதான் அந்தக் கியர் விழும். இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே எண்ணெய் நிரம்பிய திரவ ஃப்ளைவீல். அது வழுக்கி வழுக்கிச் சக்தியைக் கடத்துவதால் நின்ற இடத்தில் இன்ஜின் அணையாது.

சமதரையில் புறப்பட இரண்டாம் கியர் போதும். முதல் கியர் மேட்டுக்கும் நிறைந்த வண்டிக்கும். லீவரை இரண்டில் வைத்து, பெடலை அடிவரை அமுக்கி விடுங்கள். கை பிரேக்கை எடுத்து ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்துங்கள். வண்டி உருண்டதும் லீவரை மூன்றுக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம். நேரம் வந்ததும் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, பெடலை அமுக்கி, ஒரு கணம் விட்டு, எடுக்க வேண்டும்.

கெடுவது மூன்று வழிகளில். பெடலை அரைகுறையாக அமுக்கினால் கியர்பெட்டிக்குள் கியரைப் பிடிக்கும் பிரேக் பட்டைகள் வழுக்கித் தேயும். கார் கிளட்ச்சைப் போலப் பாதத்தை அதன் மேலேயே வைத்திருந்தாலும் அதே கதி. மூன்றாவது, நிறுத்தத்தில் கியரில் போட்டபடி காத்திருப்பது: ஃப்ளைவீல் எண்ணெய் கொதித்து அதன் முத்திரை வளையம் கசியத் தொடங்கும். அரை நிமிடத்துக்கு மேல் நின்றால் கை பிரேக் இழுத்து நியூட்ரல் போடுங்கள். இறக்கத்தில் மட்டும் நியூட்ரல் பக்கமே போகாதீர்கள். இன்ஜினின் பிடி இல்லாவிட்டால் ஏழரை டன் வண்டியின் பாரம் முழுதும் டிரம் பிரேக்குகள் மேல் விழும்.

பட்டைகளுக்குப் புது லைனிங் போட்டால், ஓட்டுவதற்கு முன் நின்ற நிலையிலேயே ஒவ்வொரு கியரையும் குறித்துப் பெடலைப் பலமுறை அமுக்கி விட வேண்டும். தானே இறுக்கிக்கொள்ளும் அமைப்பு ஒவ்வொரு அமுக்கலிலும் சிறிது சிறிதாகத்தான் இறுகும். இதைச் செய்யாமல் சாலைக்குப் போனால் முதல் மேட்டிலேயே பட்டை கருகும்.

ரூட்மாஸ்டரிலும் அப்படித்தானா?

இல்லை, அதில் இரண்டு பெடல்தான். லீவரை நகர்த்தினால் மின்தொடர்பு வழியே கியர் உடனே விழும். நான்கில் வைத்தால் இரண்டு, மூன்று, நான்கு தானாக மாறும். கையால் மாற்றும்போது ஆக்சிலரேட்டரை விட்டு, நியூட்ரலில் ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு அடுத்த கியர். முழு வேகத்தில் இழுத்துக்கொண்டே லீவரைத் தட்டினால் பயணிகள் முன்னே விழுவார்கள், பட்டையும் தேயும்.

பிரேக்கில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆர்டியில் காற்று. அழுத்தம் ஏறாமல் வண்டியை அசைக்கக் கூடாது. கியர் பெடலுக்கும் அதே காற்றுதான் வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் காற்றுத் தொட்டிகளின் வடிகால் குழாயைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். அமுக்கிய காற்றிலிருந்து ஈரம் பிரிந்து தேங்கும். குளிர்காலத்தில் அது வால்வில் உறைந்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும், அல்லது பிடிக்காமல் போகும்.

ஆர்எம்மில் அழுத்த எண்ணெய். முன், பின் எனத் தனித்தனிச் சுற்றுகள். பம்ப் ஏற்றும் அழுத்தத்தை நைட்ரஜன் நிரப்பிய சேமிப்புக் கலங்கள் தாங்கிப் பிடிக்கும். இன்ஜினை அணைத்த பிறகும் பல அமுக்கலுக்கு அழுத்தம் நிற்க வேண்டும். இரண்டு மூன்று அமுக்கலிலேயே எச்சரிக்கை வந்தால் நைட்ரஜன் இறங்கிவிட்டது என்று அர்த்தம். கலத்தை நீங்களே திறக்காதீர்கள். அழுத்தக் கலங்களில் பழகியவரிடம் கொடுங்கள். எண்ணெய் வகை கையேட்டில் சொன்னதாகவே இருக்கட்டும். கைவசம் இருக்கிறதே என்று பொருந்தாத எண்ணெயை ஊற்றினால் முத்திரை ரப்பர்கள் கெட்டுப்போகலாம்.

காலையில் வெளியே எடுப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படியுங்கள். அவசரமில்லாமல் செய்தால் நாற்பது நிமிடம் ஆகும்.

முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து தரையைப் பாருங்கள். நேற்று இல்லாத சொட்டு இன்று எங்கே? நிறத்தையும் வழவழப்பையும் பார்த்தால் இன்ஜின் எண்ணெயா, டீசலா, தண்ணீரா என்று தெரியும். பிறகு டிப்ஸ்டிக், ரேடியேட்டர் மட்டம், மின்விசிறி பெல்ட். பேட்டரி 24 வோல்ட். இணைப்பு முனைகள் அசையாமல் இருக்க வேண்டும். பேட்டரியைத் துண்டித்து வைக்கும் ஸ்விட்ச்சைப் போடுங்கள். கை பிரேக் இழுத்து, கியர் நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்து ஸ்டார்ட் செய்யுங்கள். எண்ணெய் அழுத்தம் சில நொடிகளில் ஏறாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். “கொஞ்சம் சூடாகட்டும், ஏறிவிடும்” என்று காத்திருந்த நிமிடங்களில்தான் பேரிங்குகள் போகின்றன.

காற்றழுத்தம் ஏறும் நேரத்தில் வண்டியைச் சுற்றி வாருங்கள். டயரில் வெட்டு, புடைப்பு. பின்புற ஜோடிச் சக்கரங்களுக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா? சக்கர நட்டுகளைச் சுற்றித் துருக்கோடு தெரிந்தால் அந்த நட் அசைகிறது. எல்லா விளக்குகளும், ஹார்ன், வைப்பர். பிறகு மணிக்கயிற்றையும் மணிப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். ஓட்டுநர் அறை தனியாக இருக்கும் வண்டியில் கண்டக்டர் பேசும் ஒரே மொழி அதுதான். மாடிக்கு ஏறி அவசரக் கதவைத் திறந்து மூடுங்கள். பின்மேடைக் கம்பத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பயணி தன் முழு எடையையும் அதில்தான் போடுவார். கடைசியாக, முற்றத்திலேயே மெல்ல உருட்டி ஒருமுறை பிரேக் பிடித்துப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்து.

எந்த எண்ணெய் ஊற்றுவது?

இன்ஜினுக்குக் கையேடு சொல்லும் தடிமன். ஆபத்து பின் அச்சில் இருக்கிறது. ஆர்டியின் பின் அச்சு வோர்ம் வகை: எஃகுத் திருகு ஒன்று வெண்கலச் சக்கரத்தைச் சுழற்றும். இன்றைய கியர் எண்ணெய்களில் கடும் அழுத்தத்துக்காகச் சேர்க்கும் சில கந்தகப் பொருட்கள் சூட்டில் வெண்கலத்தை அரிக்கும். கேனில் “வெண்கலத்துக்கும் பித்தளைக்கும் பாதுகாப்பானது” என்ற உறுதி இல்லாவிட்டால் ஊற்றாதீர்கள். எண்ணெய் மாற்றும்போது வடிந்ததை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மெல்லிய பொன்னிறத் தூள் இயல்பு. நகத்தில் தட்டுப்படும் துணுக்கு இருந்தால் வண்டியை நிறுத்துங்கள்.

இப்போதைய டீசல் ஒத்துக்கொள்கிறதா?

ஓடும். ஆனால் பிரிட்டனில் பங்க்குகளில் கிடைக்கும் டீசலில் 7 சதவீதம் வரை தாவர எண்ணெய் வழி எரிபொருள் கலந்திருக்கலாம். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை இளக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் தொட்டியில் தண்ணீரும் டீசலும் சேரும் எல்லைக்கோட்டில் நுண்ணுயிர் வளர்ந்து கருப்புப் பாசியாகி ஃபில்டரை அடைக்கும். தொட்டியை நிரப்பியே நிறுத்துங்கள், ஈரக்காற்றுக்கு இடம் குறையும். வசந்தத்தில் முதல் ஓட்டத்துக்கு முன் தொட்டியின் அடியிலிருந்து ஒரு லிட்டரைக் கண்ணாடிக் குடுவையில் வடித்து வைத்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் பிரிந்தால் தெளியும்வரை வடிக்க வேண்டும்.

வழியில் இன்ஜின் அணைந்துவிட்டது, சுற்றுகிறது, பிடிக்கவில்லை. என்ன செய்வது?

முதலில் நிறுத்துக் கைப்பிடி முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள்; அது வெளியே இருந்தால் டீசல் போகாது. அடுத்த சந்தேகம் டீசல் பாதையில் காற்று. ஃபில்டரின் மேலுள்ள காற்றுத்திருகைத் தளர்த்தி, பம்ப்பின் கை நெம்புகோலை அடியுங்கள். நுரை வரும், பிறகு குமிழி, பிறகு தெளிந்த டீசல். அது வழியும்போதே திருகை மூடுங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்ப்பின் திருகிலும் இதையே செய்யுங்கள். இன்னும் பிடிக்காவிட்டால் இன்ஜெக்டர்க் குழாய்களின் நட்டை அரைச்சுற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுழற்றி, டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். கையை அருகே கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நேர்ந்தால் காயம் ஊசிக்குத்து அளவே இருந்தாலும் உடனே மருத்துவமனை.

காற்று நுழைந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் வீடு திரும்பினால் அடுத்த வாரமும் இதே கதைதான். தொட்டிக்கும் பம்ப்புக்கும் நடுவே உள்ள உறிஞ்சும் பக்கத்தில் தேடுங்கள்: நைந்த குழாய், பலமுறை இறுக்கித் தட்டையான செம்பு வாஷர். அந்தப் பக்கம் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தப்பிவிடும்.

டயர், சக்கர நட்: ஏன் இவ்வளவு கெடுபிடி?

டயர் தேய்வதற்கு முன் வயதாகிச் சாகும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3619 என்றால் 2019இன் 36ஆம் வாரம். பிரிட்டனில் 2021 பிப்ரவரி 1 முதல் பஸ்ஸின் முன் சக்கரங்களில் பத்து வயது கடந்த டயர் சட்டவிரோதம். 40 வயது தாண்டி, வணிகமில்லாமல் ஓடும் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. விலக்கு சட்டத்தில்தான், ரப்பருக்கு இல்லை. பயணிகளை ஏற்றுவதாக இருந்தால் பத்தாண்டு வரம்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பிரிட்டிஷ் கனரக வண்டிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் பொதுவாக இடம்புரி. அது தெரியாமல் நீண்ட குழாய் போட்டு மிதித்தால் ஸ்டட் முறியும். சக்கரம் மாற்றிய பின் அரைமணி நேரத்திலோ, 40 முதல் 80 கிலோமீட்டர் ஓடிய பிறகோ நிறுத்தி மீண்டும் இறுக்க அளவு பாருங்கள். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே சிக்கிய பெயின்ட்டும் துருவும் ஓட்டத்தில் நசுங்கி நட் தளர்வது வாடிக்கை. புதிதாகச் சாயம் பூசிய சக்கரத்தில் இது இன்னும் மோசம்.

என் ஸ்பேனர் எதுவும் சேரவில்லையே?

சேராது. இவை விட்வர்த், பிஎஸ்எஃப் என்னும் பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு மரைகள். ஸ்பேனர் மேல் எழுதியிருப்பது வாய் அகலம் கிடையாது, போல்ட்டின் விட்டம். ½ விட்வர்த் ஸ்பேனரின் வாய் 0.92 அங்குலம்; 9/16 பிஎஸ்எஃப் போல்ட்டுக்கும் அதுவே. 23 மி.மீ. நுழையாது, 24 மி.மீ. சுழன்று முனையைத் தின்னும். பழைய சாமான் சந்தையில் நல்ல விட்வர்த் தொகுப்பு இன்றும் கிடைக்கிறது. முதல் செலவு அதற்கே போகட்டும்.

பழைய பெயின்ட்டைத் தேய்த்து எடுக்கலாமா?

உலர் தேய்ப்பு வேண்டாம். அந்தக் காலச் சாயத்தில் ஈயம் இருக்கும். ஈரமாகத் தேய்த்து, பி3 வடிகட்டி உள்ள முகமூடி அணிந்து, கழிவைத் தனியே கட்டுங்கள். பிரேக் டிரம்மைத் திறக்கும்போது காற்றுக்குழாய் வைத்து ஊதும் பழக்கத்தை இன்றே விடுங்கள். பிரிட்டன் வெள்ளைக் கல்நாரை (ஆஸ்பெஸ்டாஸ்) தடை செய்தது 1999இல்தான். அதற்கு முந்தைய லைனிங், கேஸ்கெட், சைலன்சர் சுற்றுத்துணி எதிலும் கல்நார் இருக்கும் என்றே எண்ணி நடக்க வேண்டும். சந்தேகமான துண்டை ஆய்வகத்துக்கு அனுப்புவது சில பவுண்டு வேலை.

ஆர்எம்மின் அலுமினியக் கூட்டில் இன்னொரு கேடு. எஃகுப் போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். ஒவ்வொரு இணைப்பிலும் இடைத்தடுப்புப் பசை பூசிப் பூட்டுங்கள். வெறும் போல்ட்டை மாட்டினால் சில ஆண்டுகளில் துளையே பெரிதாகிவிடும்.

ஓட்ட என்ன உரிமம் வேண்டும்? தகுதிச் சோதனை, வரி?

பிரிட்டிஷ் விதிப்படி, 30 வயது தாண்டிய பஸ்ஸை, எட்டுப் பயணிகளுக்கு மேல் ஏற்றாமல், கூலி வாங்காமல் ஓட்டினால், 21 வயது நிறைந்து இரண்டு ஆண்டு கார் உரிமம் வைத்திருப்பவர் ஓட்டலாம். ஒன்பதாவது பயணி ஏறினால் பஸ் உரிமம் கட்டாயம். 40 வயது கடந்து, கடந்த 30 ஆண்டில் பெரிய மாற்றம் செய்யாத, வணிகத்துக்கு ஓடாத வண்டிக்கு ஆண்டுச் சோதனையும் சாலை வரியும் விலக்கு. சாலைக்குத் தகுதியாக வைத்திருக்கும் பொறுப்பு மட்டும் உடையவரை விட்டுப் போகாது. விலக்கு இருந்தும் தாமாகவே ஆண்டுச் சோதனைக்குக் கொண்டுபோகும் குழுக்கள் செய்வதுதான் சரி.

“டிக்கெட் இல்லை, நன்கொடை மட்டும்” என்று பலகை வைத்தால் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நன்கொடை கொடுத்தால்தான் ஏற முடியும் என்றால் சட்டத்தின் பார்வையில் அது கூலிதான். காசு வாங்கும் ஓட்டத்துக்கு உரிய உரிமமோ அனுமதியோ பெற்ற நிறுவனத்தோடு சேர்ந்து நடத்துங்கள்.

ஓட்டநாளை எப்படி ஏற்பாடு செய்வது?

பாதையில் தொடங்குங்கள். பிரிட்டனில் அறிவிப்பு இல்லாத பாலங்கள் குறைந்தது 16 அடி 6 அங்குலம். அதற்குக் குறைந்தவற்றில் பலகை இருக்கும். வண்டியின் உயரத்தை ஓட்டுநர் கண்ணெதிரே எழுதி ஒட்டுங்கள். மாடி பஸ் வழக்கமாக ஓடாத சாலையில் மரக்கிளைகள்தான் உண்மையான சிக்கல்: முந்தைய வாரத்தில் ஒருவர் காரில் போய் அளவுகோல் கழியோடு பார்க்கட்டும். திரும்ப இடமில்லாத முட்டுச்சந்து, ரிவர்ஸ் எடுக்கும் கட்டாயம் எதுவும் பாதையில் வேண்டாம்.

திறந்த பின்மேடை உள்ள வண்டிக்குக் கண்டக்டர் இல்லாமல் ஓட்டம் இல்லை. மணிக்குறிகள்: ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு புறப்படு, மூன்று வண்டி நிறைந்துவிட்டது, நான்கு ஆபத்து. நம் ஊர் ஒற்றை விசில், இரட்டை விசில் பழகியவர்களுக்கு முதல் இரண்டும் சொல்லாமலே வரும். ஆர்டியில் 56 இருக்கை, ஆர்எம்மில் மாடியில் 36, கீழே 28 என 64. மாடியிலும் மேடையிலும் யாரும் நிற்கக் கூடாது. ஓடும் வண்டியில் தாவி ஏறுவதைப் பழைய படங்களில் பார்த்துவிட்டு முயல்பவர் ஒருவராவது இருப்பார். இரட்டை மணி அடிப்பதற்கு முன் மேடையையும் நடைபாதையையும் கண்டக்டர் ஒருமுறை முழுதாகப் பார்க்க வேண்டும்.

டீசல் கணக்குக்கு 100 கிலோமீட்டருக்கு 30 முதல் 35 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மேடும் கூட்டமும் அதிகமென்றால் கூடும்.

குளிர்காலம் முழுதும் நிற்கும் வண்டியை மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் போதுமா?

பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டு அணைப்பது கெடுதல்தான். குளிர்ந்த இன்ஜினில் எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவும். சம்ப்பிலும் சைலன்சரிலும் ஈரம் தேங்கும். எடுத்தால் அரைமணி நேரமாவது சாலையில் பாரத்தோடு ஓட்டி முழுச் சூடு ஏற்றுங்கள், முடியாவிட்டால் தொடாமல் விடுங்கள். ரேடியேட்டரில் மூன்றில் ஒரு பங்கு உறைதடுப்பு திரவம் இருக்கட்டும். அதிலுள்ள துருத்தடுப்பு மருந்து தேய்ந்துபோவதால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பேட்டரியின் நிலக்கம்பியைக் கழற்றுங்கள். மாடியில் ஒவ்வொரு பக்கமும் ஒரு ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வையுங்கள். கொட்டகைத் தரை சமமாக இருந்தால் கை பிரேக்கை விட்டு, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். இழுத்தே வைத்திருந்தால் மார்ச்சில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் இருக்கையில் “கை பிரேக் போடவில்லை” என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட மறக்காதீர்கள்.